மடியில் கனம்

ஜுசாரா, டெப்போ கழிப்பறைக் கண்ணாடி முன்னால்
சட்டையைத் தூக்கிக் காட்டச் சொன்னாய்.
அங்கே வேண்டாம்.
கோன்டாஜெம் கடைசி டிரிப் முடிந்து
வண்டி காலியாக நிற்கிறது. இங்கே உட்கார்.
மார்ச்சில் உனக்குத் தேதி கொடுத்திருக்கிறார்களாமே.
சொல்கிறேன்.

முதலில் நிற்க வைப்பார்கள்.
படுத்தால் வயிறு பொய் சொல்லும் என்றார் டாக்டர் எலியானி.
ஊதாப் பேனாவால்
ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை
தையற்காரன் துணியில் இழுப்பதுபோல் ஒரு கோடு.
பேனா முனை சில்லென்றிருந்தது, சிரித்துவிட்டேன்.
இனிப் பத்து நாளைக்குச் சிரிக்க முடியாது என்று
அப்போது தெரியாது.

வலி வயிற்றில் இருக்கும் என்று நினைத்து விழித்தேன்.
முதுகில் இருந்தது.
நிமிர்ந்தால் தையல் இழுக்கும்.
பெலோ ஒரிசோன்ட் ஆஸ்பத்திரி வராந்தாவில்
விழுந்த சில்லறையைத் தேடுகிறவள் மாதிரி
குனிந்தே நடந்தேன்.
பதினாறு வருஷம் இந்த வண்டியில் சில்லறை எண்ணியவளுக்குப்
பொருத்தமான நடைதான்.

இரண்டு குழாய், முனையில்
கையெறி குண்டு மாதிரி இரண்டு பிளாஸ்டிக் குமிழ்.
ஜெனிவால்டோ காலையும் மாலையும் அதைக் கவிழ்த்து அளந்து
கோழிக்கடை காலண்டரில் எழுதினான்.
இடது எழுபது. வலது நாற்பத்தைந்து.
என் பிறந்த நாளை ஒருமுறைகூடக் குறித்துவைக்காத கை.
முப்பதுக்குக் கீழே இறங்கிய அன்று
கோல் விழுந்ததுபோல் கத்தினான்,
நான் தலையணையை அணைத்துக்கொண்டு
சிரிப்பை விழுங்கினேன்.

இருமலுக்கும் அதே தலையணைதான்.
மலச்சிக்கலைப் பற்றி யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.
பப்பாளி வாங்கி வை.
மூன்றாம் நாள் காரணமில்லாமல் அழுவாய்,
அழுவதற்கும் வயிறு வேண்டும் என்று
அன்றைக்குத்தான் தெரியும்.

காசு?
வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி முப்பத்தாறு தவணை.
அப்புறம் நிஜமாகவே கட்டிவிட்டார்கள்:
தோல்நிறக் கச்சை, நாற்பத்திரண்டு கொக்கி,
இரவும் பகலும், ஒன்றரை மாதம்.
மார்ச் வெயிலில் அது அடுப்பு.
முடிந்தால் ஜூலைக்கு மாற்றிக் கேள்.

எடுத்த தோல் ஒரு கிலோ எழுநூறு.
இரட்டையர் போட்ட கோடுகள் அதோடு போயின,
அவர்களை வெளியே எடுத்த பழைய தழும்பும்.
தைநாரா பார்த்துவிட்டு,
“நாங்கள் வந்த கதவு எங்கேம்மா, குப்பையிலா?” என்றாள்.
டாக்டர் தந்த தாளில் இதற்குப் பதில் இல்லை.

தொப்புளுக்கு மேலே இருந்த மச்சம்
இப்போது அடிவயிற்றில், தழும்பை ஒட்டி.
தொப்புள் நின்ற இடத்திலேயே நிற்க
தோல் இறங்கி வந்திருக்கிறது.
ஜெனிவால்டோ இருட்டில் அதைத் தேடினான்,
தவறான பஸ் ஏறி
பாதி வழியில் முழிக்கிறவனைப்போல.

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லையாம்.
பதினொரு வருஷம் என் மடிமேல் ஒரு மடிப்பு,
கல்லாப்பெட்டியை அதன்மேல்தான் சாய்த்து வைப்பேன்.
இப்போது கனம் இல்லை.
ஆனால் ஒவ்வொரு வேகத்தடைக்கும்
கை தானாக வயிற்றைப் பிடித்துக்கொள்கிறது.
சாயங்காலமானால் வீங்குகிறது,
காலையில் போட்ட பேன்ட் மாலையில் வேறொருத்தியுடையது.

ஒன்று மட்டும் நீ கேட்கவில்லை.
நேற்று இந்தத் திருகு கம்பியைத் தாண்டினேன்,
பக்கவாட்டில் திரும்பாமல், நேராக.
வண்டியில் யாரும் இல்லை.
திரும்பி வந்து மறுபடியும் தாண்டினேன்.

சரி, உள்விளக்கைப் போடு.
இதோ. கோணல்தான், இடது பக்கம் சற்று உயரம்.
தொடு, பரவாயில்லை.
ஏழு மாதமாகியும் தொப்புளுக்குக் கீழே மரத்துக் கிடக்கிறது,
போன வாரம் காபி கொட்டி
ஈரத்தைப் பார்த்த பிறகுதான் துள்ளினேன்.
என் கைக்கு என் வயிறு தெரிகிறது,
வயிற்றுக்குக் கையைத் தெரியவில்லை.
உன் விரல் சில்லென்றிருக்கிறதா, சுடுகிறதா,
நீதான் சொல்லவேண்டும்.